ஷார்ட்: ஒரே ஆங்கிலச் சொல், பல பொருள்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குட்டை, குறுகிய என்று இரண்டு பொருளோடு பள்ளியில் படித்த சொல் இது. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு நாள் செய்தியை வாசித்தாலே அந்த இரண்டும் போதாது என்று தெரிந்துவிடும். பணம் ஷார்ட், ஆள் ஷார்ட், மின்சாரம் ஷார்ட், பங்கு ஷார்ட், பேச்சு ஷார்ட் என்று எங்கும் வரும். தமிழ் வழியாக ஆங்கிலம் கற்பவர்கள் அடிக்கடி இடறும் இடங்களைக் கேள்விகளாகப் பிரித்து இங்கே தந்திருக்கிறோம். ஆங்கிலத் தொடர்கள் ஒலிக்கிறபடியே தமிழ் எழுத்தில் உள்ளன.

இத்தனை பொருளுக்கும் அடியில் பொதுவாக ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. வெட்டுதல் என்ற பொருள் கொண்ட பழைய வேர் ஒன்றிலிருந்து வந்த சொல் இது. ஷர்ட், ஸ்கர்ட் ஆகிய உடைப் பெயர்களும் அதே வேரின் கிளைகள்தாம். வெட்டப்பட்டது எதுவோ அது முழு அளவுக்கு வராது. அந்த எண்ணம் இரண்டு கிளையாகப் பிரிந்தது.

முதல் கிளை எல்லோருக்கும் தெரிந்தது: நீளமோ உயரமோ நேரமோ குறைவு. இரண்டாவது கிளைதான் பலருக்குப் பிடிபடுவதில்லை: வேண்டிய அளவை எட்டவில்லை, போதவில்லை. மரபுத்தொடர்களில் பெரும்பங்கு இந்த இரண்டாவது கிளையில்தான் முளைத்திருக்கிறது.

சொல் நிற்கும் இடமே பொருளை மாற்றிவிடும். 'டூ ஷார்ட் சேர்ஸ்' என்றால் உயரம் குறைந்த இரண்டு நாற்காலிகள். 'வீ ஆர் டூ சேர்ஸ் ஷார்ட்' என்றால் இரண்டு நாற்காலி குறைகிறது, அதாவது வந்தவர்களில் இருவருக்கு இருக்கை இல்லை. எண்ணும் பொருளும் முன்னால் வந்து ஷார்ட் கடைசியில் நின்றால் 'குறைகிறது' என்றே படியுங்கள்.

இதற்கு எதிர்ச்சொல் லாங்கா, டாலா?

இரண்டும்தான். முடி, கயிறு, பாதை, கூட்டம், விடுமுறை என்றால் எதிர்ச்சொல் லாங். ஆள், மரம் என்று நிமிர்ந்து நிற்பவற்றுக்கு டால். சுவர், மேசை, கூரை, மலை ஆகியவற்றின் உயரக் குறைவைச் சொல்ல ஷார்ட்டைவிட 'லோ' என்ற சொல்தான் இயல்பாக ஒலிக்கும். 'எ ஷார்ட் வால்' என்றால் கேட்பவர் சுவரின் நீளத்தை நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

ஒருவரது உயரத்தை நேருக்கு நேர் இந்தச் சொல்லால் குறிப்பிடுவது, தமிழில் முகத்துக்கு நேரே 'குட்டை' என்பதைப் போல, மரியாதைக் குறைவாகப் படலாம். 'நாட் வெரி டால்' என்பது பாதுகாப்பான வழி.

ஷார்ட் ஆஃப், ஷார்ட் ஆன், ஷார்ட் ஃபார், ஷார்ட் வித் – எப்படிப் பிரித்தறிவது?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இது. பின்னால் வரும் முன்னிடைச்சொல்தான் பொருளைத் தீர்மானிக்கிறது.

'ஷார்ட் ஆஃப்' மூன்று வேலை செய்யும். ஒன்று, பற்றாக்குறை: 'ஐ ஆம் ஷார்ட் ஆஃப் டைம்', எனக்கு நேரம் போதவில்லை. இரண்டு, ஓர் இடத்தை எட்டுவதற்கு முன்பே: 'த பஸ் ஸ்டாப்ட் எ மைல் ஷார்ட் ஆஃப் த பிரிட்ஜ்', பாலத்துக்கு ஒரு மைல் இருக்கும்போதே பேருந்து நின்றுவிட்டது. மூன்று, 'அது தவிர, அந்த எல்லைக்குப் போகாமல்': 'ஷார்ட் ஆஃப் காலிங் த போலீஸ், தேர் இஸ் நத்திங் ஐ கேன் டூ'. போலீசைக் கூப்பிடுவது ஒன்றுதான் பாக்கி, அதைத் தவிர நான் செய்யக்கூடியது எதுவுமில்லை என்று பொருள். இந்த மூன்றாவது பயன்பாட்டில் ஆஃபுக்குப் பின்னால் வினை வந்தால் அது 'இங்' விகுதியோடுதான் வரவேண்டும். 'ஷார்ட் ஆஃப் கால்' என்று எழுதுவது பிழை.

'ஷார்ட் ஆன்' என்பதும் குறைவுதான். ஆனால் அது பெரும்பாலும் குணத்தையோ தரத்தையோ எடைபோடும் சொல்: 'ஷார்ட் ஆன் பேஷன்ஸ்', பொறுமை போதாதவர். இதற்கு இணையாக 'லாங் ஆன்' என்பதும் உண்டு. 'லாங் ஆன் பிராமிசஸ், ஷார்ட் ஆன் ஆக்‌ஷன்' என்றால் வாக்குறுதிக்குப் பஞ்சமில்லை, செயல்தான் இல்லை.

'ஷார்ட் ஃபார்' என்பது சுருக்க வடிவம். 'பில் இஸ் ஷார்ட் ஃபார் வில்லியம்'. இதில் குறைவு, போதாமை எதுவும் இல்லை.

'ஷார்ட் வித்' ஆளைப் பற்றியது. 'ஷீ வாஸ் ஷார்ட் வித் மீ' என்றால் என்னிடம் வெடுக்கென்று பேசினாள். 'என்னைவிடக் குட்டை' என்று இதைப் படித்துக் குழம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு 'ஷார்ட்டர் தேன் மீ' என்று வரவேண்டும்.

'நத்திங் ஷார்ட் ஆஃப் எ மிரக்கிள்' என்பது பாராட்டா, குறையா?

பாராட்டு. அற்புதம் என்ற அளவுகோலுக்கு ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை, அற்புதமேதான் என்று பொருள். நத்திங்கும் ஷார்ட்டும் இரண்டு எதிர்மறைகளாகச் சேர்ந்து உடன்பாடாகிவிடுகின்றன. 'லிட்டில் ஷார்ட் ஆஃப்' என்றால் கிட்டத்தட்ட அந்த அளவு. கண்டிப்பதற்கும் இதே அமைப்பைப் பயன்படுத்தலாம்: 'நத்திங் ஷார்ட் ஆஃப் தெஃப்ட்' என்றால் திருட்டேதான், வேறு பெயர் வேண்டாம்.

'ஷார்ட்லி' என்றால் சுருக்கமாகவா?

இல்லை. 'ஷார்ட்லி' என்றால் சிறிது நேரத்தில், விரைவில். 'பிளீஸ் எக்ஸ்பிளெயின் ஷார்ட்லி' என்று தேர்விலும் மின்னஞ்சலிலும் எழுதுகிறவர்கள் ஏராளம். சுருக்கமாக விளக்கச் சொல்கிறார்கள். வாசிப்பவருக்கோ 'சற்று நேரத்தில் விளக்குங்கள்' என்றுதான் படும். வேண்டிய சொல் 'பிரீஃப்லி'. 'ஷார்ட்லி ஆஃப்டர்', 'ஷார்ட்லி பிஃபோர்' என்றால் சற்றுப் பின், சற்று முன். இதற்கு இன்னொரு பொருளும் உண்டு: 'ஹி ஆன்சர்ட் ஷார்ட்லி' என்றால் எரிச்சலோடு பதில் சொன்னார். அதனால்தான் சுருக்கத்தைக் குறிக்க இந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம் என்கிறோம்.

ஆனால் 'கட் ஷார்ட்' என்கிறார்களே, அங்கே ஏன் 'லி' வரவில்லை?

ஷார்ட் தானே வினையடையாக நிற்கும் வினைகள் சில உண்டு. அவற்றோடு 'லி' ஒருபோதும் சேராது.

'கட் ஷார்ட்': பாதியில் முடித்துக்கொள்வது. 'த மீட்டிங் வாஸ் கட் ஷார்ட்'. ஒருவர் பேசும்போது இடைமறித்தால் 'ஹி கட் மீ ஷார்ட்'. யாரை அல்லது எதை என்பது இரண்டு சொல்லுக்கும் நடுவில் வருவதைக் கவனியுங்கள்.

'ஃபால் ஷார்ட்': எட்டாமல் போவது. 'சேல்ஸ் ஃபெல் ஷார்ட் ஆஃப் த டார்கெட்', விற்பனை இலக்கைத் தொடவில்லை. விற்பனை குறைந்தது என்று இதை மொழிபெயர்ப்பது தவறு. போன ஆண்டைவிட விற்பனை கூடியிருக்கலாம். இலக்கை எட்டவில்லை, அவ்வளவுதான். செய்தி மொழிபெயர்ப்பில் இந்தத் தவறு உண்மையையே புரட்டிப்போடும்.

'ரன் ஷார்ட்' இரண்டு விதமாக அமையும். 'வீ ஆர் ரன்னிங் ஷார்ட் ஆஃப் வாட்டர்' என்றும் சொல்லலாம், 'வாட்டர் இஸ் ரன்னிங் ஷார்ட்' என்றும் சொல்லலாம். இரண்டிலும் தண்ணீர் தீர்ந்துகொண்டு வருகிறது, இன்னும் தீரவில்லை. தீர்ந்தே போனால் 'ரன் அவுட்'.

'ஸ்டாப் ஷார்ட்' என்றால் சட்டென்று நிற்பது. அதோடு ஆஃப் சேர்ந்தால் வேறு பொருள்: 'ஷீ ஸ்டாப்ட் ஷார்ட் ஆஃப் அக்யூசிங் ஹிம்'. அவர்மீது குற்றம் சாட்டும் அளவுக்குப் போனாள், ஆனால் சாட்டவில்லை. குற்றம் சாட்டுவதை நிறுத்தினாள் என்று எடுத்துக்கொண்டால் பொருள் தலைகீழாகிவிடும். 'ஸ்டாப் அக்யூசிங்' வேறு, 'ஸ்டாப் ஷார்ட் ஆஃப் அக்யூசிங்' வேறு.

இன் ஷார்ட், ஃபார் ஷார்ட், இன் ஷார்ட் ஆர்டர்?

'இன் ஷார்ட்' என்றால் சுருங்கச் சொன்னால். வாக்கியத் தொடக்கத்தில் வரும். 'ஃபார் ஷார்ட்' என்றால் சுருக்கிக் கூப்பிட. பெயருக்குப் பின்னால், பெரும்பாலும் வாக்கியக் கடைசியில் வரும். 'இன் ஷார்ட் ஆர்டர்' என்றால் மளமளவென்று, தாமதமில்லாமல். இதில் வரிசைக்கும் கட்டளைக்கும் வேலை இல்லை. 'அட் ஷார்ட் நோட்டீஸ்' என்பது போதிய அவகாசமில்லாமல் திடீரென்று அறிவிப்பது; அமெரிக்கர்கள் 'ஆன் ஷார்ட் நோட்டீஸ்' என்பார்கள்.

கோபக்காரரை 'ஹி இஸ் ஷார்ட் டெம்பர்' என்று சொல்லலாமா?

கூடாது. டெம்பர் பெயர்ச்சொல், அது ஒருவரிடம் இருப்பது. ஆகவே 'ஹி ஹேஸ் எ ஷார்ட் டெம்பர்'. பெயரடையாகச் சொல்ல வேண்டுமானால் கடைசியில் 'ட்' ஒலி வேண்டும்: 'ஹி இஸ் ஷார்ட் டெம்பர்ட்'. இது நிலையான குணம். ஒரு நாள் மட்டும் சிடுசிடுத்தவருக்கு மேலே சொன்ன 'ஷார்ட் வித்' போதும்.

'ஷார்ட் ஃப்யூஸ்' என்பதும் இதே பொருள்தான். இதில் வரும் ஃப்யூஸ் மின்பெட்டியில் இருப்பதில்லை, வெடியின் திரி. திரி நீளமாக இருந்தால் வெடிக்க நேரமாகும். குட்டையாக இருந்தால் பற்றிய உடனே வெடிக்கும்.

ஷார்ட் சர்க்யூட்டில் எது ஷார்ட்?

மின்னோட்டம் போகும் வழி. விளக்கு, மோட்டார் போன்ற சுமையைக் கடந்து போகவேண்டிய மின்னோட்டம், தடை மிகக் குறைந்த குறுக்குவழி கிடைத்ததும் அதில் பாய்ந்துவிடுகிறது. 12 வோல்ட் மின்கலத்தில் 6 ஓம் விளக்கை இணைத்தால் ஓடுவது 2 ஆம்பியர். அதே மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் தொடுத்து, மொத்தத் தடை 0.05 ஓம் என்று ஆகிவிட்டால் கணக்குப்படி 240 ஆம்பியர். கம்பி சூடேறி உறை உருகுவதும் தீப்பிடிப்பதும் இதனால்தான்.

தமிழ்ச் செய்திகளில் இதை 'மின்கசிவு' என்று எழுதுவது பழகிப்போய்விட்டது. கசிவு வேறு: மின்னோட்டத்தில் சிறு பகுதி உலோக உறை வழியாகவோ உடல் வழியாகவோ நிலத்துக்குப் போவது. அதைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் வேறு. தொழில்நுட்ப எழுத்தில் 'குறுக்குச் சுற்று' என்றோ 'ஷார்ட் சர்க்யூட்' என்றோ எழுதுவதே சரி. பேச்சில் 'ஒயர் ஷார்ட் ஆகிவிட்டது' என்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் 'இட் ஷார்ட்டட் அவுட்'. இங்கே ஷார்ட் வினைச்சொல்.

பங்குச் சந்தையில் 'ஷார்ட் போவது' என்ன?

கையில் இல்லாத பங்கை விற்பது. விற்றவரிடம் அந்தப் பங்கு 'குறைகிறது', பிறகு வாங்கித் தரவேண்டியிருக்கிறது. நடைமுறை இது: பங்கைக் கடன் வாங்குகிறார், இன்றைய விலைக்கு விற்கிறார், விலை இறங்கிய பின் வாங்கிக் கடனைத் திருப்புகிறார். 100க்கு விற்று 70க்கு வாங்கினால், கடன் கட்டணமும் தரகும் போக, 30 இலாபம். விலை 180க்கு ஏறிவிட்டால் 80 நட்டம். பங்கின் விலை பூச்சியத்துக்குக் கீழே போகாது என்பதால் இலாபத்துக்கு எல்லை உண்டு. விலையேற்றத்துக்கு எல்லை இல்லாததால் நட்டத்துக்கு எல்லை இல்லை. நட்டத்தை நிறுத்த எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்க ஓடும்போது விலை இன்னும் ஏறும். அதுதான் 'ஷார்ட் ஸ்குவீஸ்'. பங்கை வாங்கி வைத்திருப்பதைக் குறிக்க, ஷார்ட்டுக்கு எதிர்ச்சொல்லாக, 'லாங்' வழங்குகிறது.

'டோன்ட் செல் யுவர்செல்ஃப் ஷார்ட்' என்று ஒருவர் சொன்னால் சந்தையை நினைக்க வேண்டாம். உங்கள் திறமையை நீங்களே குறைத்து மதிப்பிடாதீர்கள் என்கிறார். 'ஷார்ட்சேஞ்ச்' என்பது பாக்கிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்து ஏமாற்றுவது. அதிலிருந்து உரியதைத் தராமல் வஞ்சிப்பது எதற்கும் வரும்.

கிரிக்கெட்டில் ஷார்ட் பால் மட்டையாளருக்குத் தூரம், ஷார்ட் லெக் அவருக்குப் பக்கம். முரணாக இல்லையா?

எங்கிருந்து அளக்கிறார்கள் என்று பார்த்தால் முரண் மறைந்துவிடும். பந்தின் நீளத்தைப் பந்துவீச்சாளர் பக்கமிருந்து அளக்கிறார்கள். வழக்கமான இடத்தை எட்டாமல் முன்பே தரையில் குத்தினால் அது ஷார்ட்; அதனால்தான் உயரமாக எழும்பி வருகிறது. களத்தடுப்பாளரின் இடத்தை மட்டையாளரிடமிருந்து அளக்கிறார்கள். தூரம் குறைவாக நிற்பவர் ஷார்ட்.

'ஷார்ட் ரன்' என்பது ஓட்டத்தை முழுமையாக்காதது. அடுத்த ஓட்டத்துக்குத் திரும்பும்போது மட்டையோ உடலோ கோட்டுக்குப் பின்னால் தரையைத் தொடவில்லை என்றால் நடுவர் கையை மடக்கி விரல் நுனியால் தோளைத் தொட்டுக் காட்டுவார், அந்த ஓட்டம் கணக்கில் சேராது. 'போதவில்லை' என்ற இரண்டாவது கிளைப் பொருளே இதுவும்.

ஷார்ட்பிரெட் என்ற பலகாரம் எந்த வகையில் ஷார்ட்?

பொரபொரவென்று உதிர்கிற தன்மைக்கு ஆங்கிலத்தில் ஷார்ட் என்ற பெயர் உண்டு. கோதுமை மாவில் தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் அதிலுள்ள புரதம் குளூட்டன் என்ற நீண்ட இழைகளாகப் பின்னிக்கொள்ளும்; மாவு இழுபடும். கொழுப்பை முதலில் மாவில் தேய்த்துவிட்டால் அது துகள்களைப் பூசி அந்தப் பின்னலைத் தடுக்கிறது. வெந்ததும் கடித்தால் உதிரும். ஷார்ட்பிரெட்டுக்கு மரபான எடை விகிதம் சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மாவு மூன்று. மாவை அதிகம் பிசைந்தாலோ தண்ணீர் கூடினாலோ உதிர்தன்மை போய் இறுகிவிடும். சமையல் குறிப்பில் 'ஷார்ட்டனிங்' என்று கண்டால் சுருக்குவதை நினைக்காதீர்கள். அது இந்த வேலைக்குச் சேர்க்கும் கெட்டியான கொழுப்பு.

ஷார்ட் வேவ் உண்மையில் குறுகியதா?

மத்திய அலை, நீண்ட அலையோடு ஒப்பிட்டால் மட்டும். ஷார்ட் வேவ் என்பது ஏறக்குறைய 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 100 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை அலைநீளம். பண்பலை வானொலியின் அலைநீளம் சுமார் 3 மீட்டர்தான். ஆனாலும் பழைய பெயர் நிலைத்துவிட்டது. 'ஷார்ட் டன்' என்பதும் இப்படித்தான்: 2,000 பவுண்டு, ஏறக்குறைய 907 கிலோ. பிரிட்டனின் 'லாங் டன்' 2,240 பவுண்டு, சுமார் 1,016 கிலோ. மெட்ரிக் டன் 1,000 கிலோ. சரக்கு ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்கள் வெறுமனே 'டன்' என்று எழுதினால் கணக்கு இடிக்கும்.

ஷார்ட்ஹேண்ட், ஷார்ட்ஹேண்டட் இரண்டும் ஒன்றா?

அல்ல. ஷார்ட்ஹேண்ட் சுருக்கெழுத்து. பிட்மன் முறை 1837இலும் கிரெக் முறை 1888இலும் வெளிவந்தன. பேச்சில் இது 'ஒரு பெரிய கருத்தைச் சட்டென்று குறிக்கும் சொல்' என்றும் வரும். ஷார்ட்ஹேண்டட் என்றால் வேலைக்கு ஆள் போதவில்லை.

ஷார்ட்டேஜ், ஷார்ட்ஃபால், ஷார்ட்கமிங் மூன்றையும் கலந்துவிடாதீர்கள். ஷார்ட்டேஜ் தட்டுப்பாடு. ஷார்ட்ஃபால் தேவைக்கும் இருப்புக்கும் நடுவிலுள்ள வித்தியாசம்; அதை எண்ணால் சொல்லலாம். ஷார்ட்கமிங் ஆளிடமோ திட்டத்திலோ உள்ள குறைபாடு.

அடிக்கடி வரும் மரபுத்தொடர்களில் எவற்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்?

'கிவ் ஷார்ட் ஷ்ரிஃப்ட்': ஒரு கோரிக்கையைப் பொருட்படுத்தாமல் ஒதுக்கிவிடுவது. ஷ்ரிஃப்ட் என்பது பாதிரியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்வது. மரண தண்டனைக்கு முன் அதற்குச் சொற்ப நேரமே தந்ததிலிருந்து வந்த தொடர் இது. கடைசி ஒலியைக் கவனியுங்கள். வேலைநேரத்தைக் குறிக்கும் 'ஷிஃப்ட்' என்று எழுதிவிடுபவர்கள் உண்டு.

'டிரா த ஷார்ட் ஸ்ட்ரா': விரும்பாத வேலை நம் தலையில் விழுவது. வைக்கோல் துண்டுகளில் சீட்டெடுப்பதுபோல் ஆளுக்கு ஒன்று உருவி, குட்டைத் துண்டு வந்தவர் அந்த வேலையைச் செய்யும் வழக்கம் இதற்கு மூலம். தற்செயலாக மாட்டிக்கொண்டால் இது. பேரத்திலோ பங்கீட்டிலோ அநியாயமாகக் குறைத்துத் தரப்பட்டால் 'த ஷார்ட் எண்ட் ஆஃப் த ஸ்டிக்'.

'த லாங் அண்ட் த ஷார்ட் ஆஃப் இட்' என்றால் சொல்லவேண்டியதன் சாரம். 'ஷார்ட் அண்ட் ஸ்வீட்' சுருக்கமும் இனிமையும்; துக்கச் செய்திக்கும் கண்டிப்புக்கும் இதைப் போடாதீர்கள்.

ஷார்ட், ஷாட் – ஒலியிலும் எழுத்திலும் எப்படிப் பிரிப்பது?

பிரிட்டிஷ் உச்சரிப்பில் 'ர்' ஒலிக்காது. அதனால் வேறுபாடு முழுவதும் உயிரின் அளவில்தான்: ஷார்ட்டில் நெடில், ஷாட்டில் குறில். 'ஆ'வுக்கும் 'ஓ'வுக்கும் நடுவிலான அந்த ஒலியை நீட்டினால் ஒன்று, வெட்டினால் மற்றொன்று. அமெரிக்கர்கள் 'ர்' ஒலியை வெளிப்படையாகச் சொல்வதால் அங்கே குழப்பமில்லை. திரைப்படத்தில் ஒருமுறை எடுக்கும் காட்சி ஷாட், குறும்படம்தான் ஷார்ட். தடுப்பூசியும் ஷாட்டே.

எச்சரிக்கையோடு கையாள வேண்டிய பயன்பாடுகள் உண்டா?

'காட் ஷார்ட்' முதலிடம். அமெரிக்கர் சொன்னால் தேவையான நேரத்தில் கையில் பணமோ பொருளோ இல்லாமல் மாட்டிக்கொண்டார். பிரிட்டனில் சொன்னால் கழிப்பறை அவசரம். அலுவலகக் கடிதத்தில் இதைத் தவிர்த்து 'ஷார்ட் ஆஃப் ஃபண்ட்ஸ்' என்று எழுதுங்கள்.

'ஷார்ட்சைட்டட்' என்றால் பிரிட்டனில் கிட்டப்பார்வை, தொலைநோக்கின்மை இரண்டும். அமெரிக்காவில் கண் குறைபாட்டுக்குப் பெரும்பாலும் 'நியர்சைட்டட்' என்பதால், அங்கே ஒருவரை ஷார்ட்சைட்டட் என்றால் அவரது யோசனையைக் குறை சொல்வதாகவே படும். பிரிட்டிஷ் மதுக்கூடத்தில் 'எ ஷார்ட்' என்பது சிறு கோப்பை அளவில் அருந்தும் கடும் மது.

'எ ஃப்யூ சாண்ட்விச்சஸ் ஷார்ட் ஆஃப் எ பிக்னிக்' என்று ஒருவரைக் குறித்துச் சொன்னால் அவருக்கு அறிவு மட்டு என்று கிண்டல். 'திக் அஸ் டூ ஷார்ட் பிளாங்க்ஸ்' அதைவிடக் கடுமை. இரண்டையும் கேட்டால் புரிந்துகொள்ளுங்கள். நீங்களாகச் சொல்ல வேண்டாம்.